மேசைப் போருக்கு ஒரு ஸ்குவாட்ரன்: நீலகிரிக் குளிரில் டாங்கி கட்டுவது

கண்ணாடி அலமாரியில் வைக்கும் மாடலை எப்போதாவது தூசு தட்டினால் போதும். சின்ன மாடல்களை நகர்த்திப் போர் ஆடும் வார்கேமிங் மேசைக்குப் போகும் மாடல் அப்படியில்லை. ஒரே ஆட்டத்தில் பலர் அதைப் பீரங்கிக் குழலைப் பிடித்துத் தூக்குவார்கள், குன்றிலிருந்து சறுக்கவிடுவார்கள், ஆட்டம் முடிந்ததும் மற்ற வண்டிகளோடு சேர்த்துப் பெட்டியில் போடுவார்கள். ஆகவே கட்டும்போதே இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இந்த நுணுக்கம் மூன்றடி தூரத்திலிருந்து தெரியுமா? கைபட்டால் உடையாமல் இருக்குமா? இரண்டுக்கும் 'ஆம்' வராத பாகத்தை, அது ஒட்டியபடி வரும் ஸ்ப்ரூ சட்டத்திலேயே விட்டுவிடலாம். நீலகிரியில் கட்டுபவருக்கு மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு: இன்றைக்கு இது காயுமா?

முதலில் அளவு. இந்தியக் கவசப் படையில் ஒரு டிரூப் என்றால் 3 டாங்கி, ஸ்குவாட்ரன் 14, ரெஜிமென்ட் 45. டி-72 டாங்கி, குழல் முன்னோக்கி இருக்கும்போது 9.53 மீட்டர் நீளம், 3.59 மீட்டர் அகலம். 1/72 அளவில், அதாவது நிஜத்தை 72-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், அது 132 மி.மீ. நீளம், 50 மி.மீ. அகலம். 1/100-ல் 95க்கு 36. 1/285-ல் 33க்கு 13. ஆறடிக்கு நாலடி மேசையில் ஒரு ஸ்குவாட்ரனை 1/72-ல் அருகருகே நிறுத்தினாலே 70 செ.மீ. போய்விடும். பிறகு பக்கவாட்டில் சுற்றி வளைக்க இடமேது? டிரூப் அளவு மோதலும் காலாட்படையும்தான் பிடிக்கும் என்றால் 1/72, முழு ஸ்குவாட்ரன் இறங்க வேண்டுமானால் 1/100, ரெஜிமென்ட்டே வேண்டுமானால் 1/285. மாற்றிக் கட்டுவதற்கு 1/72-தான் சுகம். கிட் (ஒட்டிக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டி) வகைகள் அதிகம், கத்திக்கும் இடம் இருக்கும். கீழே சொல்லும் மி.மீ. கணக்கெல்லாம் 1/72-க்கு.

கிட்டைப் பிரிப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். ஊட்டி, கூடலூர் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஊர்களில் ஏறக்குறைய அரை வருடம் சுவரே வியர்க்கும். மழைமாதங்கள் வெட்ட, ஒட்ட, அரத்தால் தேய்க்க. பிரைமரும் (பெயின்ட் பிடிக்க முதலில் அடிக்கும் பூச்சு) கடைசி மேட் வார்னிஷும் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) ஜனவரி முதல் மார்ச் வரைக்கான வேலை. ஜனவரியில் காலையில் புல்லில் உறைபனி இருந்தாலும், பதினொரு மணியிலிருந்து இரண்டு மணிவரை வெயில் காய்ந்து காற்று உலர்ந்திருக்கும். ஸ்பிரே பண்ண அந்த மூன்று மணி நேரம்தான். ஒரு ஸ்குவாட்ரனை ஒரே தவணையில் பிரைம் செய்யும்படி வேலையைச் சேர்த்து வைப்பது இங்கே கட்டாயம். இரண்டு இரண்டாக முடிக்கும் பழக்கம் சமவெளிக்காரர்களுக்குச் சரிப்படும்.

குளிரில் முதலில் ஏமாற்றுவது பசை. பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டும் மெல்லிய சிமென்ட் மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே இளகியபடியே இருக்கும். அவசரப்பட்டு இணைப்புக் கோட்டைத் தேய்த்துச் சமமாக்கினால், கரைப்பான் முழுக்க வெளியேறியபின் அந்த இடம் உள்வாங்கி, பெயின்ட்டுக்கு மேல் கோடு திரும்பத் தெரியும். டரட்டின் (பீரங்கி இருக்கும் சுழலும் மேல்கூண்டு) மேல்பாதியும் கீழ்பாதியும் சேரும் இடத்தில் இது நிச்சயம் நடக்கும். ஒட்டிய இணைப்பை இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். சூப்பர் க்ளூ இதற்கு நேர்மாறு. காற்றின் ஈரத்தால் இறுகும் பசை அது, மூடுபனி நாளில் சட்டென்று பிடித்துக்கொள்ளும். ஆனால் சுற்றிலும் வெள்ளையாக ஆவி படியும். ஹெட்லைட், பெரிஸ்கோப் போன்ற தெளிந்த பாகங்களை அதனால் ஒட்டாதீர்கள், ஃபெவிகால் போதும். மற்ற இடங்களில் ஊசிமுனையால் தொட்டு வைத்து, ஒரு சின்ன ஃபேனை ஓடவிட்டால் ஆவி படியாது.

எம்-சீல் நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மிகப்பெரிய வரம். இரண்டு பகுதியையும் சம அளவில் எடுத்து, நிறம் ஒன்றாகும்வரை பிசைய வேண்டும். குளிரில் கட்டி கடினமாக இருக்கும், பிசையும் முன் சட்டைப்பையில் கொஞ்ச நேரம் வைத்திருங்கள். சமமாகப் பிசையாவிட்டால் சில இடம் கல்லாகவும் சில இடம் என்றைக்கும் பிசுபிசுப்பாகவும் நின்றுவிடும். சுருட்டிய தார்ப்பாய், மணல்மூட்டை, டரட் பின்கூடையில் திணித்த சாமான் எல்லாவற்றுக்கும் இது போதும். பட்டன், கொக்கி அளவு நுணுக்கத்துக்கு மட்டும் விலையுயர்ந்த மாடலிங் புட்டி.

இனி மாற்று வேலை. ஒரு வண்டியை 'இது இந்திய வண்டி' என்று மேசைக்கு அந்தப்பக்கம் நிற்பவர் கண்டுகொள்ள இரண்டு அல்லது மூன்று அடையாளம் போதும். அவற்றைத் தடிப்பாகச் செய்யுங்கள், மற்றதை மறந்துவிடுங்கள்.

அஜேயாவுக்கு (இந்திய டி-72-ன் பெயர்) அடிப்படை டி-72எம்1 கிட். பிந்தைய டி-72பி கிட்டை எடுத்தால் டரட்டின் முன்தடிப்பு வேறாக இருக்கும், அதைச் சுரண்டிச் சரிசெய்வது வீண்வேலை. முதல்வகை அஜேயாவுக்குப் பெட்டியில் இருப்பதே போதும், பெயின்ட்டும் எண் எழுத்தும்தான் மாறும். மேம்படுத்திய அஜேயாவுக்கு டரட் முன்பக்கத்திலும் ஹல்லின் (டாங்கியின் உடல்) சரிவான முன்தகட்டிலும் வெடிகவசக் கட்டிகள் (குண்டு பட்டால் தாமே வெடித்துத் தாக்குதலைத் தடுப்பவை) வேண்டும். சோவியத் கான்டாக்ட்-1 கட்டி ஒன்று சுமார் 314 மி.மீ.க்கு 148 மி.மீ., அதாவது நம் அளவில் 4.4க்கு 2. இந்தியக் கட்டிகளின் அடுக்கு வேறு, ஆகவே அளவுக்கு இதை வைத்துக்கொண்டு, வரிசைக்குப் புகைப்படத்தைப் பாருங்கள். 1 மி.மீ. தடிமன் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தாளிலிருந்து 2 மி.மீ. அகலத்தில் நீள்பட்டைகள் வெட்டி, அவற்றை மொத்தமாக 4.4 மி.மீ. துண்டுகளாக நறுக்க வேண்டும். ஒரு பிளேடு முனைக்கு எதிரே சிறு மரத்துண்டை நிறுத்தமாக ஒட்டிக்கொண்டால் எல்லாத் துண்டும் ஒரே நீளம் வரும். ஒவ்வொன்றாக அளந்து வெட்டினால் பத்தாவது துண்டிலேயே கோணல் தொடங்கி, பதினான்காவது டாங்கியில் பல்வரிசை மாதிரி ஆகிவிடும். ஒட்டும்போது நடுவிலிருந்து ஆரம்பித்து இரண்டு பக்கமும் போங்கள். ஓரத்தில் மிச்சமாகும் இடைவெளி டரட்டின் வளைவில் மறைந்துபோகும்.

பீஷ்மாவுக்கு (இந்திய டி-90-ன் பெயர்) டி-90 கிட். ரஷ்ய டி-90-ன் குழலுக்கு இருபுறமும் இரண்டு பெரிய விளக்குப் பெட்டிகள் இருக்கும், இருட்டில் சிவப்பாக ஒளிரும், எதிரி ஏவுகணையைக் குழப்பும் ஷ்டோரா 'கண்கள்'. இந்திய டி-90எஸ்-இல் அவை கிடையாது. பாகத்தையே ஒட்டாமல் விட்டு, அந்தக் குழியை எம்-சீலால் நிரப்பி, மேலே கவசக் கட்டி வைத்தால் முடிந்தது. இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் எவ்வளவு அழகாகப் பெயின்ட் அடித்தாலும் அது ரஷ்ய டாங்கிதான்.

டி-55 இன்னும் சுவாரசியம். முதல் ரோடு வீலுக்கும் (சங்கிலிப் பட்டைமேல் உருளும் சக்கரம்) இரண்டாவதற்கும் நடுவே உள்ள பெரிய இடைவெளியால் அது உடனே தெரியும், ஆனால் எதிராளியான பாகிஸ்தானின் சீன டைப் 59 டாங்கிக்கும் அதே இடைவெளி. 1971 போரில் நம்மவர்களுக்கும் இதே குழப்பம் இருந்ததால்தான், இந்திய டி-55 குழலின் நடுவில் ஒரு போலிப் புகைவெளியேற்றி உருளையை மாட்டினார்கள். உண்மையான உருளை வாய்முனையில் இருக்கும், போலி நடுவில். மேசைப்போருக்கு இதைவிட வசதியான அடையாளம் கிடையாது. 6 மி.மீ. அகலக் காகிதப் பட்டையைக் குழலின் நடுவில் சில சுற்று சுற்றி, ஓரத்தில் ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டால் காகிதம் பிளாஸ்டிக் போல இறுகிவிடும். பிற்காலப் படைக்கு வேறு வேலை. அப்போது இந்திய டி-55-களுக்கு 105 மி.மீ. எல்7 குழல் பொருத்தப்பட்டது. அதன் உருளை நிஜமாகவே நடுப்பகுதியில்தான் இருக்கும், வாய்முனை வெறுமையாக இருக்கும். எல்7 என்பது 52 காலிபர், அதாவது வாய்விட்டத்தைப்போல 52 மடங்கு நீளம், கணக்குப் போட்டால் 76 மி.மீ. ஆவடியில் கட்டிய விஜயந்தா டாங்கிக்கும் இதே குழல்தான், ஆகவே வெட்டும்போதே கூடுதலாக வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

குழலைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மேசையில் முதலில் உடைவது அதுதான். டி-72-ன் குழல் ஹல்லின் மூக்கைத் தாண்டி 35 மி.மீ. போல நீட்டிக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் குழல் ஒருமுறை முறிந்தால் எத்தனை தடவை ஒட்டினாலும் அதே இடத்தில் மறுபடி முறியும். மாற்றுக்குச் சிறந்தது சைக்கிள் ஸ்போக் கம்பி, தடிமன் 2 மி.மீ. 125 மி.மீ. குழலின் உள்வாயே நம் அளவில் 1.7 மி.மீ. என்பதால் வெறும் ஸ்போக் கொஞ்சம் ஒல்லி. அதன் மேல் மாஸ்க்கிங் டேப்பைச் சுற்றித் தடிமன் ஏற்றினால் வெப்ப உறையும் சேர்ந்தே வந்துவிடும். உறையின் பட்டிகளுக்குத் தையல் நூலை இரண்டு சுற்று. முதலில் கிட் குழலை வேரில் 5 மி.மீ. விட்டு அறுக்க வேண்டும். அறுத்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், நீளத்துக்கும் உருளையின் இடத்துக்கும் அதுதான் அளவுகோல். மிச்ச வேரின் நடுவில் கைத்துரப்பணத்தால் முதலில் 1 மி.மீ., பிறகு 2 மி.மீ. துளை, ஆழம் எட்டு மி.மீ.க்குக் குறையாமல். நேராக 2 மி.மீ. துளைக்கப் போனால் துளை ஓரத்துக்கு நழுவி, குழல் ஒருபக்கம் பார்க்கும். ஸ்போக்கை அரால்டைட்டால் பொருத்துங்கள். சூப்பர் க்ளூ மட்டும் போட்டால் முதல் இடியில் பிடி விட்டுவிடும். எஃகைக் குடைந்து வாய்த்துளை போட முயன்று துரப்பணத்தை உடைக்க வேண்டாம், கறுப்புப் புள்ளி ஒன்று போதும்.

ஸ்போக் கனமானது, டரட் முன்னால் சாயும். இதற்கும் டரட் கழன்று விழுவதற்கும் சேர்த்து ஒரே மருந்து காந்தம். டரட்டின் அடியில் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் நியோடிமியம் காந்தம், ஹல்லுக்குள் அதற்கு நேர்கீழே ஓர் இரும்பு வாஷர். இரண்டு பக்கமும் காந்தம் வைத்தால் துருவம் மாறி ஒட்டிய வண்டியில் டரட் துள்ளிக் குதிக்கும், 14 வண்டியில் ஒன்றிலாவது இது நடந்தே தீரும். வாஷர் என்றால் எந்த டரட்டும் எந்த ஹல்லிலும் உட்காரும். சாய்வு மிச்சமிருந்தால் டரட்டின் பின்பாதிக்குள் இன்னொரு வாஷரை ஒட்டுங்கள்.

டிராக் (சங்கிலிப் பட்டை) விஷயத்தில் சுருக்கம்: மென்மையான வினைல் டிராக் வந்தால் பிளாஸ்டிக் சிமென்ட் அதைப் பிடிக்காது, இழுவிசையில் பின்சக்கரம் உள்ளே வளையும். சோப்புத் தண்ணீரில் கழுவி, ஒவ்வொரு ரோடு வீலோடும் சூப்பர் க்ளூவால் ஒட்டி, இணைப்பை பக்கத் தட்டிக்குப் பின்னால் தள்ளிவிடுங்கள். துண்டு துண்டாக ஒட்டும் டிராக் கிடைத்தால் அதுவே மேல்.

சாமான் ஏற்றும் வேலையில்தான் மலைக்காரர்களுக்கு அனுகூலம். டி-72-ன் பின்பக்கம் சேற்றிலிருந்து மீள ஒரு மரக்கட்டை கட்டியிருப்பார்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் கட்டையை விட, கவாத்து முடிந்த தேயிலைத் தோட்டத்தில் கிடக்கும் 3 மி.மீ. குச்சி நிஜமாகத் தெரியும். தேயிலைக் குச்சியின் பட்டை நுணுக்கமானது, இந்த அளவுக்குப் பொருந்தும். யூகலிப்டஸ் பட்டை உரியும், வேண்டாம். உருமறைப்பு வலைக்கு மருந்துக்கடை காஸ் துணி. சம அளவு தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, குழலின் மேலும் டரட்டின் மேலும் படியவிட்டு, ஈரமாக இருக்கும்போதே டீ வடிகட்டிய சக்கையைத் தூவ வேண்டும். சி.டி.சி. தூளின் சக்கை பொடிப்பொடியாக, வலையில் செருகிய தழைபோல வரும். ஆர்த்தடாக்ஸ் இலையின் சக்கை நீளமாக இருக்கும், அது சோலைக்காட்டுத் தரைக்கு நல்லது. எதுவானாலும் வெயிலில் மொறுமொறுவென்று உலர்த்திய பிறகே பயன்படுத்துங்கள். பாலும் சர்க்கரையும் பட்ட சக்கை என்றால் நன்றாகக் கழுவிவிட்டு. இல்லாவிட்டால் இரண்டே வாரத்தில் டாங்கியில் நிஜமான பூஞ்சணம் வளரும்.

பெயின்ட்டுக்கு வருவோம். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ அடைத்த துளிமூக்குப் புட்டியை ஊட்டியில் முதன்முதலாகத் திறக்கும்போது, மூக்கை மேல்நோக்கிப் பிடித்து, காகிதத்தால் மூடியபடி திறங்கள். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைவு, உள்ளே அடைபட்ட காற்று பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஸ்பிரே டின் குளிர்ந்திருந்தால் உள்ளழுத்தம் குறைந்து, மெல்லிய தூவலுக்குப் பதில் சொட்டுச் சொட்டாகத் துப்பும். வெதுவெதுப்பான நீரில் ஐந்து நிமிடம் நிற்கவைத்தால் சரியாகும். கொதிநீர் கூடாது, அடுப்பு கூடவே கூடாது. டின்னுக்கு 50 டிகிரிதான் எல்லை, உள்ளே இருப்பதும் பெரும்பாலும் எரிவாயு. கணப்பு எரியும் அறையில் ஸ்பிரே அடிப்பதும் இதே காரணத்தால் கூடாது.

ஓர் ஈரப்பதமானி வாங்கிவிடுங்கள். 65 சதவீதத்துக்கு மேல் போனால் மேட் வார்னிஷை எடுக்காதீர்கள். மேட் வார்னிஷ் காயும்போது ஈரம் அதில் சிக்கினால் வண்டி முழுவதும் வெள்ளை பூத்துவிடும், முடிந்த ஸ்குவாட்ரன் சாம்பல் பூசிய மாதிரி நிற்கும். அப்படி ஆனாலும் உடனே உரிக்க வேண்டாம். உலர்ந்த நாளில் மேலே பளபளப்பு வார்னிஷ் ஒரு கோட் கொடுத்தால் பெரும்பாலும் வெண்மை மறைந்துவிடும், அது காய்ந்தபின் மேட் மறுபடி. நீலகிரித் தைலத்தால் துடைத்துப் பார்க்கும் யோசனை இந்த ஊரில் யாருக்கும் வரக்கூடியதுதான். வேண்டாம். அது பெயின்ட்டை இளக்கும், பிளாஸ்டிக்கையும் தின்னும். பெட்டியில் ஒட்டிய விலைச்சீட்டுப் பிசினை எடுக்க மட்டும் அருமையான சரக்கு.

கையால் பூசுபவர்களுக்கு இவ்வளவு கவலை இல்லை. அட்டைப்பெட்டிக்குள் 40 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொங்கவிட்டு, மாடலை அதிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தால் நல்ல உலர்பெட்டி ஆயிற்று. கையை உள்ளே விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுட்டால் பல்பு அருகில் இருக்கிறது என்று பொருள். சூடு கூடினால் பீரங்கிக் குழலும் டிராக்கும்தான் முதலில் வளையும்.

நிறத்தில் பலரும் செய்யும் தவறு, நிஜ வண்டியின் அடர்பச்சையை அப்படியே கலப்பது. டியூப்லைட் வெளிச்சத்தில் சின்ன வண்டி கறுப்பாகவே தெரியும். கேமல் அக்ரிலிக்கில் ஆலிவ் பச்சை ஆறு பங்கு, மஞ்சள் ஓக்கர் ஒரு பங்கு, வெள்ளை ஒரு பங்கு என்று ஆரம்பித்து, மேசை வெளிச்சத்தில் பார்த்துக் கூட்டிக் குறைக்கலாம். ஸ்டேஷனரிக் கடை அக்ரிலிக் பிரைமர் இல்லாத பிளாஸ்டிக்கில் நிற்காது, நகம் பட்டால் தோலாக உரியும். பாலைவனப் படைக்குப் பச்சையின் மேல் மணல்நிறப் பட்டைகள், ஓரம் மங்காமல். 14 வண்டிக்கும் ஒரே கலவையை ஒரே நேரத்தில் கலந்து மூடிபோட்ட டப்பாவில் வையுங்கள், இரண்டாம் முறை அதே நிறம் வராது. எண் பலகையில் முதலில் மேல்நோக்கிய அம்பு, பிறகு கொள்முதல் ஆண்டின் இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, வரிசை எண். அம்பு தெரிந்தால் போதும், மற்றவை புள்ளிகளாகவே இருக்கட்டும்.

ஆதாரப் படங்களுக்குக் குடியரசு தின அணிவகுப்புப் படங்கள் ஏராளம். ஆனால் அவை கழுவித் துடைத்த வண்டிகள். வடிவத்துக்கு நம்பலாம், அழுக்குக்கு நம்பக்கூடாது. வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையமும் முப்படை அதிகாரிகள் கல்லூரியும் இருப்பதால் குன்னூர்ச் சாலையில் ராணுவ லாரிகளைத் தினமும் பார்க்கலாம். கண்ணால் பாருங்கள், சேறு எந்த உயரம்வரை தெறித்திருக்கிறது, தார்ப்பாய் எங்கே வெளிறியிருக்கிறது என்று. செல்போனை நீட்டாதீர்கள்.

சேறு என்றதும் தோட்டத்துச் செம்மண்ணைச் சலித்துப் பூசத் தோன்றும். லாரி, ஜீப்புக்குச் சரி. அஜேயாவுக்குத் தவறு. அந்த டாங்கிகள் பெரும்பாலும் ஓடுவது பஞ்சாபிலும் ராஜஸ்தானிலும், அங்கே புழுதி வெளிறிய பழுப்பு. நீலகிரிச் செம்மண் பட்ட டி-72 மேசையில் உடனே உறுத்தும். மலை மேசைக்கே ஒரு படை வேண்டும் என்றால் இலகு வண்டிகளைக் கட்டுங்கள். மாருதி ஜிப்ஸியின் நீளம் 4.01 மீட்டர், அச்சிடை 2,375 மி.மீ. நம் அளவில் 56 மற்றும் 33. பொம்மைக்கடைக்கு ஒரு ஸ்கேலோடு போய், அச்சிடை 33 மி.மீ. வரும் பழைய சுஸுகி வடிவ ஜீப்பைத் தேடலாம். பெட்டியில் எழுதிய அளவை நம்ப வேண்டாம், பொம்மைக் கம்பெனிகள் வண்டியைப் பெட்டிக்குத் தகுந்தபடி சுருக்குவார்கள். உலோகக் கூரையை ரம்பத்தால் அறுத்து, டிஷ்யூ காகிதமும் ஃபெவிகாலும் கொண்டு துணிக்கூரை போட்டால் பாதி வேலை முடிந்தது. ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பின் மேல் 106 மி.மீ. பின்னுதைப்பற்ற பீரங்கி வைக்க, 47 மி.மீ. நீளத்துக்கு 2 மி.மீ. பித்தளைக் குழாய், அதன் முதுகில் குறிபார்க்கும் துப்பாக்கிக்கு ஒரு குண்டூசி.

முடித்த படையைத் தகரப் பெட்டியில் வைக்கலாம், வண்டியின் அடியில் ஒரு காந்தம் இருந்தால் ஆடாமல் நிற்கும். அட்டைப்பெட்டி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு டிகாலில் (வண்டியில் ஒட்டும் எண், சின்னச் சீட்டு) பூஞ்சணம் ஏற்றும், தகரப் பெட்டி துருப்பிடிக்கும். ஆகவே உள்ளே தகரத்துக்கு ஒரு கோட் பெயின்ட், நான்கு மூலையிலும் சிலிக்கா ஜெல் பொட்டலம். அதிலுள்ள ஜெல் மணியின் நிறம் மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று பொருள். பொட்டலத்தைப் பிரித்து, சமையலுக்கு எடுக்காத பழைய சட்டியில் மணிகளை மெல்லிய தீயில் சூடாக்கினால் பழைய நிறத்துக்குத் திரும்பும். மழைமாதத்தில் இதை மாதம் ஒருமுறையாவது செய்ய வேண்டியிருக்கும்.